ஒரு மா நிலம் எங்கிருந்து வந்தது? பார்சிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

1 வேலி − 3 மா − 50 குழி

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், மாமா தன் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்த வரி இது. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வாய்பாடு: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். பட்டாவில் ஹெக்டேர் என்று போட்டிருந்தாலும் எங்கள் பக்கம் வாயில் வருவது மாவும் குழியும்தான்.

இந்த மாதிரி வரியைப் போனில் தட்டினால் விடை சொல்ல ஒரு சின்ன புரோகிராம் வேண்டும் என்று மாமா கேட்டார். கல்லூரியில் கம்பைலர் டிசைன் என்று ஒரு பாடம் படித்து, பரீட்சை எழுதி, மறந்தும் போயிருந்தேன். இது என்ன பெரிய வேலை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். ஒரு வேலி 2000 குழி. அதில் 300 போனால் 1700. இன்னும் 50 போனால் 1650. என் புரோகிராம் 1750 என்றது.

"என்ன மாப்ளே, ஒரு மா கூடக் காட்டுது? வருஷம் பூரா வரப்ப அரிஞ்சாலும் இவ்வளவு வராதே!"

அந்த ஒரு மா எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில், பரீட்சைக்குப் படித்தபோது புரியாத பாதிப் பாடம் புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பைலர் என்பது நாம் எழுதுகிற நிரலை வாசித்து, இயந்திரம் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். வாசிப்பது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் எழுத்துகளைச் சொற்களாக வெட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்வது லெக்சர். வெட்டி வருகிற ஒவ்வொரு துண்டும் ஒரு டோக்கன். பிறகு, அந்த டோக்கன்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று கண்டுபிடித்து ஒரு மரமாகக் கட்ட வேண்டும். அதுதான் பார்சிங். செய்வது பார்சர்.

வெட்டுவது சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள். மாமா ஒருநாள் 'மாகாணி வேலி' என்று தட்டினார். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 125 குழி. என் லெக்சரோ 'மா' என்ற எழுத்தைப் பார்த்ததும் அலகு கிடைத்துவிட்டது என்று வெட்டிக்கொண்டு, மீதி 'காணி'யை வைத்துக்கொண்டு முழித்தது. இதற்கு உலகம் முழுக்க இருக்கிற மருந்து ஒன்றுதான்: பொருந்துகிற சொற்களில் எது மிக நீளமோ அதை எடு. (ஒரு வேடிக்கை: பின்னக் கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது அதே 1/16. என் லெக்சர் தப்பாக வெட்டியது, பெயர் வைத்தவர்கள் ஒட்டிய இடத்தில்தான்.)

நீளமானதை எடு என்ற விதி எப்போதும் காப்பாற்றாது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இடைவெளிக்கு மதிப்பே கிடையாது. 'டூ 10 ஐ = 1,5' என்று எழுதினால், ஐ என்ற மாறிக்கு (மதிப்பைப் போட்டு வைக்கிற பெயருக்கு) 1 முதல் 5 வரை மதிப்புக் கொடுத்து 10-ஆம் எண் வரி வரைக்கும் திரும்பத் திரும்பச் செய் என்று பொருள். அந்தக் காற்புள்ளி இருந்த இடத்தில் புள்ளி வைத்து '1.5' என்று எழுதிவிட்டால், 'டூ10ஐ' என்பது மொத்தமும் ஒரு மாறியின் பெயர். அதில் 1.5 போய் உட்காரும். 'டூ' என்பது கட்டளையா, பெயரின் முதல் பாதியா என்று தெரிந்துகொள்ள அந்தக் காற்புள்ளி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. 'செம்பொன்பதின்தொடி' என்று உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு இருக்கிறதே, அதைச் செம்பொன், பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடை தங்கம். செம்பு, ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடை செம்பு. எழுத்து அதே எழுத்து. தொல்காப்பியப் புணரியலின் கடைசி இரண்டு நூற்பாக்கள் இந்த மாதிரிப் புணர்ச்சியைப் பற்றியவை. ஒலிக்கிற விதத்தால் இவை வேறுபடும் என்கிறது முதலாவது. குறிப்பால் பொருள் கொள்ள வேண்டிய இடத்தில், இது இன்னதுதான் என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது, 'எழுத்துக் கடன் இலவே' என்று முடிகிறது அடுத்தது. சி மொழியில் கம்பைலர் எழுதுகிறவர்கள் இந்த வரியைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம். அந்த மொழியில் 'அ * ஆ;' என்று ஒரு வரி வந்தால், அ என்பது எண்ணாக இருந்தால் அது பெருக்கல். அ என்பது ஒரு வகையின் பெயராக இருந்தால், ஆ என்ற சுட்டியை (நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டுகிற மாறியை) அறிவிக்கிற வரி. எது என்பது அந்த எழுத்துகளில் இல்லை, முன்னால் எங்கோ அ-வை என்னவாக அறிவித்தோம் என்பதில் இருக்கிறது.

சரி, அந்த ஒரு மா.

டோக்கன்களை மரமாகக் கட்ட விதிகள் வேண்டும். விதி எழுதும் முறை 1960 வாக்கில், அல்கால் மொழிக்காக பேக்கஸும் பீட்டர் நாவரும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. என் முதல் விதி இப்படி இருந்தது:

கணக்கு → கணக்கு − கணக்கு
கணக்கு → அளவு

அதாவது, ஒரு கணக்கில் இன்னொரு கணக்கைக் கழித்தாலும் அது கணக்குதான். வெறும் அளவு மட்டும் நின்றாலும் கணக்குதான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மாமாவின் வரிக்கு இது இரண்டு மரம் தரும். (1 வேலி − 3 மா) − 50 குழி என்பது ஒன்று, விடை 1650. 1 வேலி − (3 மா − 50 குழி) என்பது இன்னொன்று. 300-இல் 50 போக 250, 2000-இல் அது போக 1750. ஒரே வரிக்கு இரண்டு மரம் தருகிற விதிக்கூட்டத்தை மயக்கம் உள்ள இலக்கணம் என்பார்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இப்படி ஒரு வரி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மயக்கத்தைத் தீர்க்க இடது பக்கமாகச் சாய்ந்த விதி எழுத வேண்டும்:

கணக்கு → கணக்கு − அளவு
கணக்கு → அளவு

இப்போது கழித்தல் குறிக்கு வலப்பக்கம் ஒற்றை அளவு மட்டுமே வர முடியும். மரம் ஒன்றுதான், 1650 மட்டும்தான். விதி சரி. அதை நான் நிரலாக்கிய விதம்தான் தப்பு.

நான் எழுதியது ரிகர்சிவ் டிசென்ட் என்கிற வகை. ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்கிற நிரல் துண்டு. மேலிருந்து கீழே இறங்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு, அதாவது ஆறு பிரிகிற மதகுக்கு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. அப்புறம் ஏ வாய்க்கால், பி வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று போய் வயலில் முடிகிறது. ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்கிற ஊழியர்) நிற்கிறார், அடுத்து வருகிற ஒற்றை டோக்கனை மட்டும் பார்க்கிறார், எந்த ஷட்டரைத் திறப்பது என்று முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மேலிருந்து இறங்கும் பார்சர். புத்தகங்களில் இதற்கு எல்எல்(1) என்று பெயர். அந்த 1 என்பது எட்டிப் பார்க்கிற டோக்கனின் எண்ணிக்கை.

இதில் இடது பக்கம் சாய்ந்த விதி வைத்தால் என்ன ஆகும்? 'கணக்கு' ஃபங்ஷன் முதல் வேலையாக 'கணக்கு' ஃபங்ஷனைக் கூப்பிடும். அது முதல் வேலையாகத் தன்னையே கூப்பிடும். ஒரு டோக்கன்கூட நகராது. லஸ்கர் ஷட்டரைத் திறக்கிறார், தண்ணீர் சுற்றி அதே ஷட்டருக்கே வருகிறது. என் புரோகிராம் சில நொடிகளில் நினைவகம் நிரம்பிச் செத்தது. இடச்சுழல் என்று இதைச் சொல்லலாம்.

பயந்து போய் விதியைத் திருப்பிப் போட்டேன். கணக்கு → அளவு − கணக்கு. முதலில் ஒரு அளவை வாசித்துவிடுகிறது, அதனால் சுற்றாது. புரோகிராம் ஓடியது. ஓடியதும் அது சரி என்று நினைத்துவிட்டேன். உண்மையில் மரத்தை வலப்பக்கம் சாய்த்துவிட்டிருந்தேன். 3 மாவும் 50 குழியும் முதலில் சேர்ந்துகொண்டன. மாமாவுக்கு ஒரு மா நிலம் பிறந்தது.

கூட்டல் மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது வெளியே வந்தே இருக்காது, எப்படிச் சேர்த்துக் கூட்டினாலும் ஒரே விடைதான். கழித்தலும் வகுத்தலும்தான் காட்டிக்கொடுக்கும். சரியான மருந்து, விதியைத் திருப்பாமல் சுற்றாக எழுதுவது: ஓர் அளவை வாசி. கழித்தல் குறி வந்துகொண்டிருக்கும் வரை அடுத்த அளவை வாசித்து, கையில் இருப்பதிலிருந்து உடனே கழி.

கடைமடையிலிருந்து மேலே

இதே வேலையைக் கீழிருந்தும் தொடங்கலாம். கடைமடை வயலிலிருந்து வாய்க்கால் கரையோடு எதிர்ப்பக்கம் நடந்தால், எது எதிலிருந்து பிரிந்தது என்று பார்த்துக்கொண்டே ஆற்றுக்கு வந்து சேரலாம் இல்லையா? டோனால்டு க்னூத் 1965-இல் எழுதிய எல்ஆர் முறை இதுதான். இதில் பார்சரிடம் ஓர் அடுக்கு இருக்கும், களத்தில் மூட்டை அடுக்குவது போல. இரண்டே வேலை. அடுத்த டோக்கனை அடுக்கின் மேல் வை. அல்லது, அடுக்கின் மேலே இருப்பவை ஒரு விதியின் வலப்பக்கம் போல இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு, விதியின் இடப்பக்கப் பெயரை வை.

மாமாவின் வரியை நடத்திப் பார்ப்போம். 1 வேலி வருகிறது. அது அளவு, எனவே கணக்கு (2000). கழித்தல் குறி மேலே ஏறுகிறது. 3 மா ஏறுகிறது. இப்போது அடுக்கில் இருப்பது 'கணக்கு − அளவு'. அது அப்படியே நம் விதி. சுருக்கினால் ஒற்றைக் கணக்கு (1700). மறுபடி கழித்தல், 50 குழி, சுருக்கு. 1650. இடது பக்கம் சாய்ந்த விதியைத் திருப்பவும் வேண்டாம், சுற்றவும் இல்லை.

ஆனால் வரி '1 வேலி − 3 மா × 2' என்று இருந்தால்? பெருக்கலுக்குத் தனி விதி எழுதியிருக்கிறோம், பெருக்கல் முந்த வேண்டும் என்று வையுங்கள். 3 மா அடுக்கில் ஏறிய நேரத்தில் அவசரப்பட்டுச் சுருக்கினால் 1700 ஆகி, பிறகு இரட்டித்து 3400 ஆகிவிடும். ஒரு வேலியில் கழித்தால் ஒன்றே முக்கால் வேலிக்குக் கொஞ்சம் குறைவாக வருகிற அதிசயம். பார்சர் அடுத்த டோக்கனை எட்டிப் பார்க்கிறது. பெருக்கல் குறி தெரிகிறது. சுருக்காமல் பொறுக்கிறது. 2 என்ற எண்ணும் ஏறிய பிறகு பெருக்கினால் 600, அப்புறம் 1400.

பார்சிங் பாடத்தில் பத்துப் பதினைந்து முறைகளின் பெயரைக் கொட்டி மாணவர்களைக் குழப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து எல்லா முறைக்கும் நடுவே இருக்கிற கேள்வி ஒன்றுதான்: முடிவை எப்போது எடுப்பது? எல்எல் முறை விதியின் முதல் டோக்கனைப் பார்த்தவுடனே இது எந்த விதி என்று சொல்லியாக வேண்டும். எல்ஆர் முறை விதியின் வலப்பக்கம் முழுதும் வந்து சேரும் வரை காத்திருந்து சொல்கிறது. அந்தக் காத்திருப்புதான் அதன் பலம். அதனால் எல்எல் கையாள முடியாத இலக்கணங்களையும் எல்ஆர் கையாள்கிறது, அதுவும் வரியின் நீளத்துக்கு நேர் விகிதமான நேரத்தில்.

காத்திருப்பதைத் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நமக்கு வினை கடைசியில் வருகிறது. 'மழை பெய்தால்' என்று முடிகிற வரை அது நிபந்தனை என்றே தெரியாது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் நிபந்தனையை '@(நிபந்தனை) ஆனால்' என்று எழுதுவார்கள். 'ஆனால்' நம் பேச்சு வழக்குப்படி பின்னால் வருகிறது. முன்னால் அந்த @ குறி இருப்பதால், நிபந்தனை வருகிறது என்று பார்சர் முதல் டோக்கனிலேயே தெரிந்துகொள்கிறது. தமிழின் வரிசையும் கெடவில்லை, பார்சருக்கும் சிரமமில்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

க்னூத்தின் முறைக்கு ஒரு குறை இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று பார்த்துக்கொள்ளும் அட்டவணை அந்தக் காலக் கணினிகளின் நினைவகத்துக்குப் பெரியது. ஃபிராங்க் டிரெமர் 1969-இல் அதைச் சுருக்கும் வழி சொன்னார். அதை வைத்து பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1970-களில் யாக் என்ற கருவியைச் செய்தார். விதிகளைக் கொடுத்தால் பார்சரை அதுவே எழுதித் தரும். ஃபோர்ட்ரானின் முதல் கம்பைலருக்கு 18 ஆள்-ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது. இப்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒரு செமஸ்டரில் சின்ன மொழி ஒன்றுக்குக் கம்பைலர் செய்துவிடுகிறார்.

என் முதல் விதியை, அந்த மயக்கமான விதியை, யாக் போன்ற கருவியிடம் கொடுத்திருந்தால் 'இங்கே அடுக்குவதா சுருக்குவதா, தெரியவில்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் எச்சரித்திருக்கும். அந்த எச்சரிக்கையைப் பார்த்து எரிச்சலடையாத மாணவர் இல்லை. அதற்காகவே அந்தக் கருவியை ஒருமுறையாவது பழகச் சொல்வேன். கையால் எழுதிய பார்சர் வாயைத் திறக்காமல் ஒரு மாவைச் சேர்த்துக் கொடுத்துவிடும்.

ஆனால் பெரிய கம்பைலர்கள் போன வழி வேறு. ஜிசிசி கம்பைலர், கருவி எழுதித் தந்த சி++ பார்சரை 2004-இல் விட்டுவிட்டு, கையால் எழுதிய ரிகர்சிவ் டிசென்டுக்கு மாறியது. இரண்டு வருடத்தில் சி மொழிக்கும் அதே. கையால் எழுதினால் பிழைச்செய்தியை நினைத்தபடி சொல்லலாம், 'அ * ஆ;' போன்ற வம்புகளை அந்தந்த இடத்திலேயே தீர்க்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழி 2020-இல், 3.9 பதிப்பில், எல்எல்(1)-ஐ விட்டுவிட்டு பெக் என்ற முறைக்குப் போனது. பிரையன் ஃபோர்டு 2004-இல் எழுதிய முறை அது. அதில் விதிகளுக்கு வரிசை உண்டு. முதல் விதி பொருந்தாவிட்டால்தான் அடுத்தது. மயக்கம் என்ற பேச்சே இல்லை. எனக்கு இதில் ஒரு மனக்குறை: மயக்கம் தீர்ந்ததால் இல்லாமல் போகவில்லை, முதலில் எழுதியவன் ஜெயித்ததால் இல்லாமல் போனது.

மரம் கிடைத்த பிறகு

பார்சர் பார்ப்பது வடிவத்தை மட்டும்தான். '3 மா − 5 மூட்டை' என்றாலும் வடிவம் சரி என்றுதான் சொல்லும். நிலத்தில் நெல்லைக் கழிக்க முடியாது என்று கண்டுபிடிப்பது அடுத்த கட்டம். அங்கே பெயர்ப் பட்டியல் ஒன்றும் இருக்கும். மாமா 'மேலவயல் − 2 மா' என்று எழுதினால், மேலவயல் எவ்வளவு, அப்படி ஒன்று இருக்கிறதா என்று அந்தப் பட்டியலில் தேட வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் மாதிரி.

கடைசியாகக் கட்டளைகள். மரத்தைக் கீழிருந்து மேலாக நடந்தால் இப்படி வரும்:

2000 வை
300 வை
கழி
50 வை
கழி

ஜாவாவின் மெய்நிகர் இயந்திரமும் பைத்தானும் உள்ளே இப்படி அடுக்கு வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. எண்கள் முன்னால், வேலை பின்னால். வாய்விட்டுப் படித்தால் 'இரண்டாயிரத்தில் முந்நூறைக் கழி' என்று நம் பேச்சு வரிசையே வருகிறது. ஆங்கிலப் பாடநூலில் இதைத் தலைகீழ் வரிசை என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிந்ததே இல்லை. எல்லா எண்ணும் முன்பே தெரிந்திருந்தால் கம்பைலர் தானே கணக்குப் போட்டு '1650 வை' என்று ஒரே வரியாக்கிவிடும்.

புரோகிராம் சரியானதும் மாமாவுக்கு ஆசை வந்தது. எண்ணாகத் தட்டாமல், நோட்டில் எழுதுகிற மாதிரியே எழுதினால் புரிந்துகொள்ளுமா என்று கேட்டார். மனித மொழி எல்எல்லுக்கும் எல்ஆருக்கும் அடங்காது. அதற்கு ஜே எர்லி 1970-இல் வெளியிட்ட முறையை எடுத்தேன். அது முடிவே எடுக்காது. சாத்தியமான எல்லா மரங்களையும் கையில் பிடித்துக்கொண்டே வரியைக் கடக்கும். அதற்கு விலை நேரம். வரி இரண்டு மடங்கு நீண்டால் மோசமான நிலையில் எட்டு மடங்கு நேரம் ஆகும். நோட்டில் இருக்கிற வரிகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

மாமா நோட்டைப் புரட்டி ஒரு வரியைத் தட்டினார்: 'தம்பிக்குக் கொடுத்த வேலியில் 3 மா'.

திரையில் இரண்டு மரம் வந்தது. ஒன்றில் 'தம்பிக்குக் கொடுத்த' என்பது வேலியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலி முழுதும் தம்பிக்குப் போய்விட்டது, பேச்சு அதிலுள்ள 3 மாவைப் பற்றி. மற்றதில் அது மாவோடு ஒட்டியிருந்தது. வேலி நம்முடையது, தம்பிக்குப் போனது 3 மா மட்டும். இரண்டுக்கும் நடுவே 17 மா.

"மாமா, இதுல எது?" என்றேன்.

மாமா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு மரத்தையும் பார்த்தார். நோட்டில் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டாவைத் தேடுகிற சத்தம் கேட்டது.